நம் வாடிக்கையாளர் செவிலிமேட்டில் இருக்கிறார்

ஒரு நெசவுக் குடும்பத்தின் இணையதளத்தைக் குழுவாகச் சேர்ந்து புதிதாக எழுதிய மாணவியின் அனுபவமும், அதிலிருந்து நம் கல்லூரிகள் எடுத்துக்கொள்ள வேண்டியதும்

ஜனவரி பிறந்தால் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஒரு சீசன் தொடங்கிவிடும். இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் தலைப்புத் தேடி அலையும் சீசன். கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலும், பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடிகளிலும் ‘புராஜெக்ட் சென்டர்’ பலகைகள் தொங்கும். பணம் கட்டினால் தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவில் வரக்கூடிய கேள்விகள், அவற்றுக்கான பதில்கள் என எல்லாம் ஒரே கவரில் கைக்கு வந்துவிடும். நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, ஆன்லைன் தேர்வு என்று அதே தலைப்புகள்தான் ஊர் ஊராக, வருடா வருடம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த நூலகத்தில் புத்தகம் எடுக்க யாரும் வருவதில்லை. அந்த மருத்துவமனையில் யாருக்கும் காய்ச்சல் அடிப்பதில்லை. மதிப்பெண் போட்டு முடித்த மறுநாள் அந்த நிரலை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை.

மாணவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரியாத வேலையில் யாருக்குத்தான் அக்கறை வரும்? நம் பாடத்திட்டத்தில் கணினி மொழி இருக்கிறது, தரவுத்தளம் இருக்கிறது, மென்பொருள் பொறியியல் என்றொரு தாளும் இருக்கிறது. இல்லாதவர் ஒருவர்தான்: வாடிக்கையாளர். வேலைக்குச் சேர்ந்த பிறகு ‘கிளையண்ட் கால்’ என்று நாள் தவறாமல் கேட்கப்போகும் ஒரு மாணவர், படிக்கும் நான்கு வருடத்திலும் ஒரு கிளையண்டின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

எங்கள் குழுவுக்கு அந்த முகம் மூன்றாம் ஆண்டிலேயே கிடைத்தது. கிடைத்த இடம் செவிலிமேடு.

பாலாற்றங்கரை கிளையண்ட்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற சாலையில், பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வருகிற ஊர் செவிலிமேடு. முன்பு தனிப் பேரூராட்சி. 2011-ல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. 2021-ல் நகராட்சியே மாநகராட்சியாக உயர்ந்தது. வைணவர்களுக்கு இது சாலைக் கிணறு இருக்கும் ஊர். ராமானுஜர் இந்தக் கிணற்றிலிருந்து தினமும் தீர்த்தம் சுமந்துபோய் வரதராஜப் பெருமாளுக்குத் தொண்டு செய்தார் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. கோயில் பார்க்க வருகிறவர்கள் அப்படியே புடவையும் பார்த்துவிட்டுப் போவது காஞ்சிபுரம் வட்டாரத்துப் பழக்கம். நான் இந்த ஊர்க்காரி. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தாலும், படித்தது கணினி அறிவியல்.

எங்களுக்கு வந்த கிளையண்ட் ஒரு நெசவுக் குடும்பம். வீட்டிலேயே தறி, முன்னறையிலேயே விற்பனை. பெரியவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. மகன் பாவு, பட்டு, ஜரிகைக் கொள்முதல் என்று வெளி வேலைகளைப் பார்க்கிறார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, விலை சொல்லி, பார்சல் போட்டு, ‘வந்து சேர்ந்துச்சா’ என்று கேட்பதுவரை மொத்த விற்பனையும் மருமகள் கையில். அவர்களுக்கு ஓர் இணையதளமும் இருந்தது. எப்போதோ யாரோ செய்து கொடுத்தது. “அத மாத்திக் குடுங்க பாப்பா, யாரும் அத பாத்து வர்றதில்ல” என்று அந்த அக்கா சொன்னதுதான் எங்களுக்கான மொத்தக் குறிப்பும்.

பழைய தளத்தைத் திறந்தால் முகப்பில் ஒரு வரி இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருந்தது. கைப்பேசியில் பார்த்தால் பக்கம் முழுவதும் சுருங்கி, எழுத்து எறும்பாகத் தெரிந்தது. தமிழ்ப் பகுதி யூனிகோடில் இல்லை. பழைய எழுத்துரு ஒன்றில் தட்டப்பட்டிருந்தது. அந்த எழுத்துரு நிறுவாத கருவியில் வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும். கூகுளுக்கும் அப்படித்தான். ‘செவிலிமேடு பட்டுப்புடவை’ என்று யார் தேடினாலும் அந்தத் தளம் அகப்படாது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. அப்படியும் ஆளுக்கொரு எழுத்துரு என்ற குழப்பம் தீர நெடுங்காலம் ஆயிற்று. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. 2010-ல்தான் யூனிகோடு அரசின் முறையான தரமானது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட ஆயிரமாயிரம் தமிழ்ப் பக்கங்கள் இன்றும் தேடலில் சிக்காமல் கிடக்கின்றன. அந்தக் குடும்பத்தின் கதையும் அப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. எழுத்துரு மாற்றியில் போட்டு அதை மீட்டதுதான் எங்கள் முதல் வேலை.

கடையில் கை செய்கிற வேலை

இணையதளம் செய்ய உட்கார்ந்தால் முதலில் வண்ணம், முகப்புப் படம், மெனு என்று வரையத் தொடங்குவது மாணவர் வழக்கம். எங்களை வழிநடத்திய ஆசிரியை அதற்குத் தடை போட்டார். “கடையில ஒரு நாள் உட்காருங்க. வர்றவங்க என்ன பண்றாங்கன்னு மட்டும் எழுதுங்க” என்றார். பாடப்புத்தகம் இதைத் தேவை சேகரிப்பு என்று இரண்டு பக்கத்தில் முடித்துவிடும். பாயில் உட்கார்ந்து பார்த்தபோது அது வேறொரு படிப்பாக இருந்தது.

புடவை வாங்க வருகிற பெண்கள் முதலில் முந்தியை விரிக்கச் சொல்கிறார்கள். பிறகு உடலும் கரையும் சேருமிடத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் விரலால் தடவுவார்கள். அடுத்து, புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். மடித்துத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்பார்கள். கனத்தைக் கையில் நிறுத்துப் பார்ப்பார்கள். விலை கேட்பது இதற்கெல்லாம் பிறகுதான்.

பின்பக்கத்தை ஏன் பார்க்கிறார்கள் என்பதைப் பெரியவர் தறியில் வைத்தே காட்டினார். கோர்வைப் புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, உடலுக்கு ஒரு நாடா என மூன்று நாடா ஓடும். இரண்டும் சேருமிடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். நெய்கிறவர் ஒருவர் போதாது; பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட வேண்டும். முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் பாவு இழைகளையே மாற்றிப் பிணைக்க வேண்டும். அதற்குப் பிட்னி என்று பெயர். பின்பக்கத்தில் அந்தச் சேர்க்கை எப்படி இருக்கிறது என்பதில்தான் உழைப்பு தெரியும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தும், அதே பெயரில் விசைத்தறித் துணி விற்பது நிற்கவில்லை. கையால் நெய்கிற குடும்பத்துக்கு அந்தப் பின்பக்கம்தான் சாட்சி.

பழைய தளத்தில் ஒரு புடவைக்கு ஒரு படம்தான் இருந்தது. அதுவும் பளபளப்பாக மடித்து வைத்த முன்பக்கம். கடையில் வாடிக்கையாளர் கையால் செய்கிற எதையும் அந்தப் படத்தால் செய்ய முடியாது. எங்கள் வடிவமைப்பு அந்த இடத்திலிருந்துதான் பிறந்தது. ஒவ்வொரு புடவைக்கும் முந்தி, கரை, கோர்வையின் பின்பக்கம், வெயிலில் பிடித்தது, தோளில் போட்டது என ஐந்து படங்கள். கூடவே எடை, நீளம், ஜரிகை வகை, நெய்ய ஆன நாள். அந்தத் தளத்தின் பக்க அமைப்பை எங்களுக்கு வரைந்து கொடுத்தவர்கள், முன்னறைப் பாயில் உட்கார்ந்து புடவை பார்த்த பெண்கள்தான்.

மயில்கழுத்து எந்த நிறம்?

நிறம் பெரிய சவாலாக இருந்தது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என நெய்த இரட்டைக் கலர் புடவை, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும். மயில்கழுத்து நிறத்தை ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தால் பச்சை. கைப்பேசி கேமராவோ இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கும். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் இரண்டுமே இல்லாத மூன்றாவது நிறம் வரும். “படத்துல வேற கலர் இருந்துச்சே” என்ற புகார்தான் அந்த அக்காவுக்குத் தலைவலியாக இருந்தது.

மென்பொருளால் நிறத்தைத் திருத்துவது முதலில் தோன்றும் வழி. எங்கள் குழுவில் படம் எடுக்கத் தெரிந்த மாணவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. திருத்திய நிறம் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது என்பது அவர் வாதம். வீட்டுத் திண்ணையில் காலை வெயில் நேராக விழாத இடம் ஒன்றைத் தேர்ந்து, வெள்ளைத் தாள் ஒன்றை அருகே வைத்து, அதைக் கொண்டு கேமராவின் வெள்ளைச் சமநிலையை நிறுத்தினார். அதே புடவையை இரண்டு கோணத்தில் எடுத்து, பக்கத்தில் அடுத்தடுத்து வைத்தோம். கீழே, ‘சாய்த்துப் பார்த்தால் பச்சை மின்னும்’ என்று ஒரு வரி. அந்தக் குடும்பமே பிறகு படம் எடுக்கும்படி இடம், நேரம், தாள் வைக்கும் முறை எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுத்தோம்.

நிறத்தின் பெயர்களையும் கடைப் பேச்சிலிருந்தே எடுத்தோம். அரக்கு, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். புளூ, மயில்கழுத்து. எம்.எஸ். சுப்புலட்சுமியின் புடவையால் பேர் பெற்ற நீலத்துக்கு ‘அடர் நீலம் 2’ என்று பெயர் வைத்தால் யார் தேடுவார்கள்? கட்டம், தாழம்பூ ரேக்கு, வைரஊசி, மயில்கண், கோபுரக் கரை என்று வடிவங்களுக்கும் அப்படியே. படங்களுக்கான மாற்று உரையிலும் இந்தச் சொற்களையே எழுதினோம். பார்வையற்றவர் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும்போது, ‘படம் 14’ என்று வராமல், ‘அரக்கு உடல், பச்சைக் கோபுரக் கரை, கோர்வை’ என்று வரும். தன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நினைக்கும் பார்வையற்ற தாய்க்கும் அந்தக் கடையில் இடம் உண்டு.

தமிழ் திரையில் நிற்க

இணையதளம் எழுதக் கற்றுத்தரும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத் தளத்தை மனத்தில் வைத்தே வந்திருக்கின்றன. தமிழில் எழுதத் தொடங்கியதும் ஒவ்வொரு பெட்டியும் உடைகிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் அடங்கும் பொத்தான் தமிழில் இரண்டு வரிக்கு ஓடும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டினால், கொம்பும் காலும் பிரிந்து கண்ணை உறுத்தும். மேலே விசிறி, கீழே சுழி என்று நீளும் எழுத்துகளுக்கு வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடத் தாராளமாக வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். புடவைப் பெயர் நீளமாக இருந்தால் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு வெட்டிப் புள்ளி வைப்பது வழக்கமான நிரல். ‘பட்டு’ என்பதில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து: ப, ட, புள்ளி, ட, உகரக் குறி. மூன்றில் வெட்டு என்று சொன்னால் டு காணாமல் போய் ‘பட்’ என்று நிற்கும். இரண்டில் வெட்டினால் புள்ளியும் போய் ‘பட’ ஆகிவிடும். எழுத்தின் எல்லை அறிந்து வெட்டும் வசதி இன்றைய ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. தமிழ்ப் பக்கம் எழுதிப் பார்த்தவருக்குத்தான் அதைத் தேடவே தோன்றும். அதேபோல, முகவரிப் படிவத்தில் ‘முதல் பெயர், குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டி. இனிஷியலோடு பெயர் எழுதுகிற நமக்கு அதில் எதை எங்கே போடுவது? ‘பெயர்’ என்று ஒரே பெட்டி வைத்தோம்.

அடுத்தது பக்கத்தின் எடை. கைப்பேசியில் எடுத்த ஒரு படமே பல எம்.பி. வரும். ஐந்து படம் வைத்த பக்கம், சிக்னல் குறைந்த ஊரில் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். படங்களை வெப்பி வடிவத்துக்கு மாற்றி, திரையின் அகலத்துக்கு ஏற்ற அளவை மட்டும் அனுப்பும்படி எழுதினோம். கைப்பேசி, கணினி என எந்தத் திரைக்கும் ஒரே பக்கம் தன்னைப் பொருத்திக்கொள்ளும் முறையை ஈத்தன் மார்க்காட் 2010-ல் எழுதிக் காட்டினார். இன்று அது தொழிலின் அரிச்சுவடி. அந்தக் குடும்பத்தின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கைப்பேசியில்தான் வருகிறார்கள் என்பதால் சின்னத் திரையை முதலில் வரைந்து, பெரிய திரையைப் பிறகு வரைந்தோம்.

ஐந்து பேர் சேர்ந்து எழுதினால்

தனியாக ஒரு தளம் எழுதுவது கணினியோடு பேசுவது. குழுவாக எழுதுவது மனிதர்களோடு பேசுவது. ஐந்து பேர் இருந்தால், இவருக்கு அவர் என்று பேச்சுக்கான வழிகள் பத்து. ஆறாவது ஆள் சேர்ந்தால் பதினைந்து. ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய நூலில் இந்தக் கணக்கைக் காட்டினார். ஏற்கெனவே தாமதமான திட்டத்தில் ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று அவர் சொன்னது ஐம்பது ஆண்டுகளாகியும் மாறவில்லை. கல்லூரிக் குழுக்களில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம்: ஒருவர் எழுதுவார், நான்கு பேர் பெயர் போட்டுக்கொள்வார்கள்.

அதைத் தவிர்க்க வேலையைப் பக்கம் பக்கமாகப் பிரிக்காமல் பொறுப்பாகப் பிரித்தோம். ஒருவர் படம். ஒருவர் தமிழ், ஆங்கில உரை. ஒருவர் தோற்றம். ஒருவர் புடவை விவரங்கள் சேமிக்கும் பின்புலம். நான் கிளையண்டோடு பேசுவது. கூடவே எல்லோர் நிரலையும் சேர்ப்பது. கிளையண்டிடம் ஐந்து பேரும் தனித்தனியாகப் பேசினால் ஐந்து விதமான பதில் வரும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. கேட்டு வந்ததை அன்றே எல்லோரும் பார்க்கும் குறிப்பில் எழுதிவிடுவேன்.

நிரலைச் சேர்த்து வைக்க கிட். லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ், உலகெங்கும் சிதறியிருக்கும் நிரலாளர்கள் ஒரே மென்பொருளை எழுதுவதற்காக 2005-ல் உருவாக்கியது. யார், எந்த வரியை, எப்போது, எதற்காக மாற்றினார் என்று அது காட்டிவிடும். ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால், தானாக முடிவெடுக்காமல் நிறுத்தி, ‘நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள்’ என்று கேட்கும். பொத்தானின் நிறம் அரக்கா, பச்சையா என்று எங்களில் இருவருக்குள் வந்த சண்டை அப்படித்தான் திரையில் வந்து நின்றது. தீர்த்து வைத்தது ரசனை இல்லை. பின்னணிக்கும் எழுத்துக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று அணுகல்தன்மை விதி சொல்கிறது. அளந்து பார்த்தோம், அரக்கு தேறியது. அளக்கக்கூடிய ஒன்றை வைத்துச் சண்டை போட்டால் நட்பு கெடுவதில்லை.

இரண்டு வழக்கங்களை இறுகப் பிடித்துக்கொண்டோம். ஒன்று, சின்னச் சின்ன மாற்றமாக எழுதி அன்றாடம் சேர்ப்பது. இரண்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்காமல் சேர்ப்பதில்லை. இரண்டாவது வழக்கத்தால் கிடைத்த பலன் நாங்கள் எதிர்பார்க்காதது. பின்புலம் எழுதத் தயங்கி ஒதுங்கியிருந்த தோழி, மற்றவர் நிரலைப் படித்துப் படித்தே கடைசியில் தேடல் பகுதியை முழுவதும் தானே எழுதினார்.

விலை போடலாமா?

தொழில்நுட்பத்தைவிடக் கடினமான கேள்வி வீட்டுக்குள்ளிருந்து வந்தது. தளத்தில் விலை போடுவதா, வேண்டாமா?

பெரியவர் கூடாது என்றார். வெள்ளி விலை ஏறி இறங்கும்போது ஜரிகை விலையும் மாறும். ஒரே மாதிரி இரண்டு புடவை தறியிலிருந்து வருவதில்லை. நேரில் வந்தால் பழகியவருக்கு ஒரு விலை, கல்யாணத்துக்கு மொத்தமாக எடுப்பவருக்கு ஒரு விலை. “வெலயப் போட்டுட்டா, வர்றவங்ககிட்ட பேச்சே இருக்காதும்மா” என்றார். மருமகளோ போட்டே ஆக வேண்டும் என்றார். ‘விலை?’ என்று ஒரே சொல்லில் வரும் கேள்விக்கு ராத்திரி பதினொரு மணிக்கும் பதில் தட்டிக்கொண்டிருப்பவர் அவர்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையில்லை. இரண்டு வடிவங்களையும் உண்மையான புடவைகளோடு செய்து, அவர்கள் கைப்பேசியிலேயே காட்டினோம். ஒன்றில் விலை கிடையாது, ‘கேட்க’ என்ற பொத்தான் மட்டும். இன்னொன்றில் விலை வரம்பு, அந்த விலை எந்தத் தேதிப்படி, அசல் ஜரிகையா, வெள்ளி குறைந்த ஹாஃப் ஃபைனா என்ற விவரம். கையில் பிடித்துப் பார்த்ததும் பேச்சு மாறியது. விலை வித்தியாசத்துக்குக் காரணம் ஜரிகை என்பது பக்கத்திலேயே தெரிவதைப் பெரியவர் கவனித்தார். தன் புடவை ஏன் விலை கூடுதல் என்று வாசலுக்கு வாசல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு அது பிடித்துப்போயிற்று. இரண்டாவது வடிவமே நின்றது.

பேசிப் புரியவைக்க முடியாததை ஒரு மாதிரி செய்து காட்டிப் புரியவைக்கலாம். எந்தத் தேர்விலும் வராத இந்தப் பாடத்தை எங்களுக்குக் கற்றுத்தந்தது ஒரு மாமனார், மருமகள் வழக்கு.

கல்லூரிகள் செய்யக்கூடியது

மாணவர்களுக்கு உண்மையான வாடிக்கையாளரைக் கொடுப்பது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995-ல் எபிக்ஸ் என்ற பாடத்தைத் தொடங்கினார்கள். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து உள்ளூர்ப் பள்ளி, அருங்காட்சியகம், தொண்டு நிறுவனம் போன்றவற்றுக்கு உண்மையாகவே பயன்படும் பொருளையோ மென்பொருளையோ செய்து தர வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. ஒரு குழு விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆண்டுக் குழு தொடரும். இந்தியாவிலும் 2014-ல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், அதன் கீழ் நடக்கும் நிரல் திருவிழாவும், மாணவர் குழுக்களை நிஜமான சிக்கல்களோடு சேர்க்க முயல்கின்றன. பட்டம் இல்லாமலே பள்ளி முடித்தவர்களை எடுத்து வேலையின் வழியே கற்பிக்கும் சோஹோவின் பள்ளி 2005-லிருந்து நடக்கிறது. காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பேசி வளர்த்துவருகிறது. ‘கணியம்’ இதழ் 2012-லிருந்து கணினியைத் தமிழில் எழுதுகிறது. கற்கவும் கேட்கவும் ஆளில்லை என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது.

கல்லூரி செய்ய வேண்டியது மூன்று காரியம். உள்ளூரிலிருந்து கிளையண்டைத் தேடித் தர வேண்டும். காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், சிறு கடைகள், பள்ளிகள், நூலகங்கள், கோயில் வழிகாட்டிகள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இரண்டாவது, மதிப்பெண்ணில் பாதியையாவது பயன்படுத்துகிறவரின் கருத்துக்குக் கொடுக்க வேண்டும். வெளித் தேர்வாளர் பத்து நிமிடத்தில் பார்க்காததை அந்த அக்கா முதல் பார்சலிலேயே சொல்லிவிடுவார். மூன்றாவது, நேரம். ஒரே பருவத்தில் கிளையண்டைப் பார்த்து, வரைந்து, எழுதி, சோதித்து, ஒப்படைக்க முடியாது. மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் நான்காம் ஆண்டில் திருத்தவும் பராமரிக்கவும் இடம் கிடைக்கும்.

ஒப்படைத்த பிறகு

இதற்கு எதிராக எழும் கேள்விகள் நியாயமானவை. மாணவர்கள் படித்து முடித்துப் போனதும் தளத்தை யார் பார்ப்பார்கள்? பாதியில் கைவிடப்பட்ட தளம், தளமே இல்லாததைவிட மோசம். அதனால் தொடங்கும்போதே சில விதிகள் தேவை. இணைய முகவரியும் கடவுச்சொற்களும் குடும்பத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். மாணவர் கணக்கில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. புதுப் புடவை சேர்ப்பது, விற்றதை நீக்குவது, விலை மாற்றுவது ஆகியவை நிரல் தெரியாதவர் கைப்பேசியிலிருந்தே செய்யும்படி இருக்க வேண்டும். தமிழில் கைப்புத்தகம் ஒன்று வேண்டும். எங்கள் அக்கா கடைசி வாரத்தில் எங்களைப் பார்க்கவிட்டு, யார் உதவியும் இல்லாமல் ஒரு புடவையைத் தானே ஏற்றிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் ஒப்படைப்பு முடிந்ததாக ஆசிரியை கையெழுத்திட்டார்.

வாடிக்கையாளர் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் மாணவர் மடிக்கணினியில் தங்கிவிடக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்துவிட்டது. சோதனைக்குக் கற்பனைப் பெயர்களைப் பயன்படுத்துவதும், முடிந்ததும் நகல்களை அழிப்பதும் ஒழுக்கமாகவே பழக வேண்டியவை.

இன்னொரு கேள்வியும் உண்டு. மாணவர்கள் இலவசமாகச் செய்து கொடுத்தால், தளம் செய்து பிழைக்கும் உள்ளூர் இளைஞரின் வயிற்றில் அடிப்பதாகாதா? ஆகும், கவனமில்லாமல் செய்தால். பணம் கொடுத்துத் தளம் செய்துகொள்ள முடிகிற கடைகளுக்கு மாணவர் குழுவை அனுப்பக் கூடாது. அந்த இளைஞரையே வழிகாட்டியாக அழைத்து, அவருடைய நேரத்துக்குக் கல்லூரி ஊதியம் கொடுக்கலாம். ஒப்படைத்த பிறகு வரும் பராமரிப்பு வேலை அவருக்கே போகும்.

புதிய தளத்தால் அந்த நெசவுக் குடும்பத்துக்குக் கிடைத்ததைப் பெரிய வார்த்தைகளில் சொல்ல நான் விரும்பவில்லை. அக்காவிடம் இப்போது வாடிக்கையாளர்கள் புடவை எண்ணைச் சொல்லிக் கேட்கிறார்கள். நிறத்தைப் பற்றிய சண்டை குறைந்திருக்கிறது. கோர்வை என்றால் என்ன என்று கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்ததைச் சொல்ல முடியும். நேர்காணலில் ‘உங்கள் புராஜெக்ட் என்ன’ என்று கேட்டால் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க வேண்டியதில்லை. ஏன் ஐந்து படம், ஏன் ஒரே பெயர்ப் பெட்டி, ஏன் விலைக்குப் பக்கத்தில் தேதி என்று ஒவ்வொரு முடிவுக்கும் எங்களிடம் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களுக்குப் பின்னால் நாங்கள் அறிந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த ஜனவரிக்கு இன்னும் காலம் இருக்கிறது. துறைத்தலைவர்களும் முதல்வர்களும் இந்தப் பருவ விடுமுறையிலேயே தங்கள் ஊரில் ஒரு சுற்று நடந்து, பத்துக் கதவைத் தட்டி, ‘உங்களுக்கு எங்கள் பிள்ளைகள் என்ன செய்து தரலாம்’ என்று கேட்டுப் பட்டியல் எடுக்கலாம். செவிலிமேட்டில் தட்டினால் பட்டியல் அன்றைக்கே நிரம்பிவிடும். புராஜெக்ட் சென்டருக்குப் பணம் கட்டும் பெற்றோரும் கல்லூரியிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: என் பிள்ளை செய்த வேலையை யார் பயன்படுத்துகிறார்கள்?